தேத்தண்ணி நிறத்தில் கிணற்றுத் தண்ணீர்: எதைச் செய்யலாம், எதை விடலாம்

அக்கா வீடு கட்டியது மட்டக்களப்பு வாவிக்கரையில், முன்பு பன் புல் வெட்டிய சதுப்பை ஒட்டிய காணியில். கிணறு தோண்டி ஆறு வளையம் இறக்கினார்கள். முதல் நாள் சேற்றுத் தண்ணீர் வருவது வழமைதான் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு கிழமை இறைத்துப் பார்த்தார்கள். சேறு போனது, நிறம் போகவில்லை. வெள்ளைக் கோப்பையில் ஊற்றினால் வெறுந்தேத்தண்ணி மாதிரியே இருக்கும். அடி தெளிவாகத் தெரியும், கலங்கல் இல்லை, ஆனால் மஞ்சள் கலந்த பழுப்பு. அக்கா போன் எடுத்தார்: "தம்பி, இந்தத் தண்ணிய குடிக்கலாமா? மறுகா, இதுக்கு என்ன மெசின் வாங்குற?"

அதற்குள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டார்கள். ஒருவர் குளோரின் போடச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமி சீனக்காரம் (படிகாரம்) போதும் என்றார். கடைக்காரர் கரி வடிகட்டி காட்டினார், இன்னொரு கடை மென்சவ்வால் வடிக்கிற ஆர்.ஓ. மெசின் காட்டியது. குழாய்க் கிணறு அடித்து ஆழத்துக்குப் போனால் நல்ல தண்ணி வரும் என்று மேசன் சொன்னார். நான் இருபது வருடமாக உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவன். ஒவ்வொரு யோசனையிலும் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் தண்ணீருக்குள் இருப்பது என்ன என்று யாரும் கேட்கவில்லை. அதைப் பார்க்காமல் காசைக் கொட்டக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழுப்பு நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று இரும்பு, மற்றது உக்கல். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு, எங்கள் பக்கத்தில் அதுதான் அதிகத் தொல்லை. பன், கண்டல், தில்லை இலைகள் காற்றுப் படாத சேற்றில் வருடக்கணக்காக உக்கும்போது முழுவதும் கரைந்து காற்றாகிப் போய்விடுவதில்லை. மிஞ்சுகிற பழுப்புப் பொருளைத்தான் ஹியூமிக் பொருட்கள் என்கிறோம். 1786 இல் பிரான்ஸ் கார்ல் அஹார்ட் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் முற்றாநிலக்கரியைக் காரத்தில் ஊறவைத்து, வந்த கறுப்புச் சாற்றில் அமிலம் விட்டு, அடியில் படிந்ததைப் பிரித்தெடுத்தார். இன்றைக்கும் பிரிக்கிற முறை கிட்டத்தட்ட அதேதான். காரத்தில் கரைந்து, பி.எச். (அமில, கார அளவு; குறையக் குறைய அமிலம்) 2 க்குக் கீழே போனதும் படிந்துவிடுவது ஹியூமிக் அமிலம். அமிலம், காரம் இரண்டிலும் கரைந்தே இருப்பது புல்விக் அமிலம். எதிலும் கரையாமல் மண்ணோடு கிடப்பது ஹியூமின். இவை ஒவ்வொன்றும் தனிச் சேர்வை அல்ல, ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளின் கலவை. மண்ணில் இப்படித் தனியாக ஒரு பொருள் இருக்கிறதா, அல்லது காரத்தில் ஊறவைக்கிற முறைதான் அதை உண்டாக்குகிறதா என்று 2015 இல் மண் ஆய்வாளர்கள் லேமனும் கிளேபரும் நேச்சர் சஞ்சிகையில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அக்காவின் கிணற்றில் கரைந்திருப்பதை அந்த விவாதம் மாற்றப்போவதில்லை.

நமக்கு முக்கியமான குணம் ஒன்று இருக்கிறது. இந்த மூலக்கூறுகள் முழுக்கக் காபொட்சிலிக், பீனோல் என்ற அணுக் கூட்டங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாதாரணக் கிணற்றுத் தண்ணீரின் பி.எச். இல் காபொட்சிலிக் கூட்டங்கள் ஐதரசனை விட்டுவிட்டு எதிர் (மைனஸ்) மின் ஏற்றத்தோடு நிற்கும். எதிரும் எதிரும் ஒன்றையொன்று தள்ளும். அதனால்தான் ஒரு நாள் முழுக்க வைத்தாலும் அவை திரண்டு அடியில் படிவதில்லை. அதே எதிர் ஏற்றம் இரும்பு, செம்பு, அலுமினியம் போன்ற நேர் (பிளஸ்) ஏற்ற அயன்களைப் பிடித்து இறுக்கும். கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு வழியும் வெல்வதும் தோற்பதும் இந்த ஒரு குணத்தால்தான்.

காசு செலவழிக்க முன் வீட்டிலேயே மூன்று சோதனை செய்யலாம். ஒரு நிறமில்லாத போத்தலில் அப்போதே அள்ளிய தண்ணீரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். அள்ளும்போது தெளிவாக இருந்து, காற்றுப் பட்ட பிறகு செம்மஞ்சளாகி அடியில் துருமாதிரிப் படிந்தால் அது இரும்பு. அள்ளும்போதே பழுப்பு, அடுத்த நாளும் அதே பழுப்பு, அடியில் ஒன்றும் இல்லை என்றால் அது உக்கல். கொஞ்சம் படிந்தும் மேலே நிறம் அப்படியே நின்றால் இரண்டும் இருக்கிறது. இரண்டாவது, ஒரு கோப்பைத் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து பாருங்கள். பிளேன்ரீயில் தேசிக்காய் விட்டால் நிறம் வெளிறுகிறதல்லவா? ஹியூமிக் நிறமும் அமிலத்தில் சற்று வெளிறும், காரத்தில் கடுமையாகும். மூன்றாவது தேயிலை. அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் மை மாதிரிக் கறுத்துவிடுகிறதா? தேயிலையின் பொலிபீனோல்கள் இரும்போடு சேர்வதால் வருவது அது. கொய்யா இலையைக் கசக்கிப் போட்டாலும் இதே கதைதான்.

கிணற்றின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதப்பதைப் பார்த்து, யாரோ எண்ணெய் ஊற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் என்றால் ஓடிப்போய் மறுபடி கூடும். கண்ணாடித் துண்டு மாதிரி உடைந்து தனித்தனியாக மிதந்தால் அது இரும்பு பக்ரீரியாவின் படலம்.

அக்காவின் கிணற்றில் இரண்டும் இருந்தது. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை மூன்று முறை துவைத்ததும் பழைய கடதாசி நிறத்துக்கு வந்துவிட்டது. கழுத்துப் பட்டியில் மட்டும் இன்னும் கடுமையாக, துருக்கறை.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

ஆழத்துக்குப் போகும் யோசனையை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பாறை மண்ணில் அது வேறு கணக்கு. எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற இந்த மணல் நிலத்தில், நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிற ஒரு வில்லை. கடல் நீர் நன்னீரை விட 2.5 சதவீதம்தான் பாரம். அந்தச் சிறிய வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே நிற்கிற ஒவ்வொரு அடி நன்னீருக்கும் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் தாங்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் போட்டால், மோட்டர் போட்டு மேல் மட்டத்தை ஒரு அடி இறக்கினால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பை எடுக்கிறோம் என்று கிணறுகளைத் திரும்பத் திரும்ப வற்ற இறைத்தபோது பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். இறைக்க இறைக்கக் கீழிருந்து உப்புத்தான் ஏறியது, மாரி மழைதான் கிணறுகளைத் திருப்பித் தந்தது. பெத்தா காலத்தில் மணலில் ஒரு முழம் தோண்டிய பூவலில் சிரட்டையால் அள்ளியே நல்ல தண்ணீர் எடுத்தார்கள். ஆழமில்லாமல், அவசரமில்லாமல் எடுத்ததுதான் காரணம்.

குளோரினைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் கை போவது அதற்குத்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) தருகிற குளோரின் தூள் கிருமியைக் கொல்லும், அது உயிர் காக்கிற மருந்து. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடுவதை ஒருபோதும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பிரச்சினை, அதைப் பழுப்புத் தண்ணீருக்கு அன்றாட வைத்தியமாக்குவதில்தான். ஹியூமிக் பொருட்கள் குளோரினைக் குடித்துவிடும். கரைந்துள்ள கரிமக் காபன் ஒரு மில்லிகிராம் இருந்தால், அது ஒரு மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும் குளோரினை விழுங்கும். சாதாரண நிலத்தடி நீரில் அந்தக் காபன் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்கும், தேத்தண்ணி நிறத் தண்ணீரில் 10 க்கு மேலும் போகலாம். வழமையான அளவு தூளைப் போட்டால் அரை மணி நேரத்தில் கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் நிறத்தோடு சண்டை பிடித்தே தீர்ந்துவிடும். நிறம் கொஞ்சம் வெளிறும், ஆட்களுக்கும் திருப்தியாக இருக்கும். உள்ளே எஞ்சிய குளோரின் இருக்காது.

இரண்டாவது சிக்கல், சண்டையில் பிறக்கிற பொருட்கள். 1974 இல் ரொட்டர்டாமில் ஜொஹான்னஸ் ரூக் என்ற ஆய்வாளர், குளோரின் போட்ட ஆற்று நீரில் குளோரோபோம் முதலான முவேலோமெதேன்கள் என்ற சேர்வைகள் இருப்பதைக் கண்டார். மூல நீரில் அவை இல்லை, நிறந்தரும் பொருளும் குளோரினும் சேர்ந்துதான் அவற்றை உண்டாக்கின. உலக சுகாதார நிறுவனம் குளோரோபோமுக்கு வைத்திருக்கிற வழிகாட்டி அளவு லீற்றருக்கு 0.3 மில்லிகிராம். புரோமீன் சேர்ந்த புரோமோ இருகுளோரோமெதேனுக்கு 0.06 தான். கடற்கரைக் கிணற்றுக்கு இந்தப் புரோமீன் கதை முக்கியம். கடல் நீரில் லீற்றருக்கு 65 மில்லிகிராமளவு புரோமைட்டு உண்டு. கிணற்றில் நூற்றில் ஒரு பங்கு கடல் நீர் கலந்தால் குளோரைட்டு 190 மில்லிகிராம் கூடும், நாக்கு அதை உப்பென்று சொல்லாது. புரோமைட்டு அரை மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும். குளோரின் அதைப் புரோமீனாக்கி ஹியூமிக்கோடு சேர்த்துவிடும். இதற்காகக் கிருமிநாசினியை விட்டுவிடச் சொல்லவில்லை. வயிற்றோட்டம் இன்றைக்கே வருகிற ஆபத்து, மற்றது நீண்ட காலக் கணக்கு. நிறத்தை முதலில் எடுங்கள், குளோரினைப் பிறகு போடுங்கள். இந்த ஒழுங்கு மாறக் கூடாது.

மாமி சொன்ன சீனக்காரம் உண்மையில் இரசாயனப்படி நல்ல யோசனை. அதில் இருக்கிற அலுமினியம் மூன்று நேரேற்றம் கொண்ட அயன். எதிரேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த ஹியூமிக் மூலக்கூறுகளின் ஏற்றத்தை அது அடக்கிவிட, அவை திரண்டு பழுப்புப் பஞ்சாகக் கீழே இறங்கும். ஆனால் கலங்கலைத் தெளிய வைக்கிற அளவு இதற்குக் காணாது. கட்டியை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு எடுத்தால் நிறம் அசையாது. 10 கிராம் சீனக்காரத் தூளை ஒரு லீற்றரில் கரைத்து வைத்துக்கொண்டு, ஒரு லீற்றர் போத்தல்கள் ஐந்தில் 3, 5, 8, 12, 15 மில்லிலீற்றர் விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் வேகமாக, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, இரண்டு மணி நேரம் விடுங்கள். எந்தப் போத்தல்களில் மேல் தண்ணீர் தெளிகிறதோ அவற்றில் ஆகக் குறைந்த அளவுதான் உங்கள் கிணற்றுக்குரியது. அக்காவின் தண்ணீர் 12 இல் தெளிந்தது. நாலாவது போத்தலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பழுப்புப் பஞ்சு, மேலே கண்ணாடி. பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதில் இரண்டு குறை. ஹியூமிக் அமிலம் நன்றாக இறங்கும், சிறிய மூலக்கூறான புல்விக் அமிலம் முழுதாக இறங்காது. இந்த வேலைக்கு உகந்த பி.எச். 5 முதல் 6 வரை. சிப்பி ஓடு கலந்த மணலில் எடுக்கும் தண்ணீர் 7 க்கு மேலே நிற்கும், அதனால் தூள் கூடுதலாகச் செலவாகும். கூடுதலாகப் போட்டால் தண்ணீரில் அலுமினியம் எஞ்சும். ஆகவே துவைக்கவும் குளிக்கவும் எடுக்கிற தண்ணீருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். குடிக்கிற தண்ணீருக்கு, ஒவ்வொரு நாளும் அளந்து, தெளிந்ததை மட்டும் பக்குவமாக ஊற்றி எடுக்கக்கூடிய ஆள் வீட்டில் இருந்தால் மட்டும். தேற்றாங்கொட்டை உரசுவதையும் சிலர் கேட்டார்கள். அது களிமண் கலங்கலுக்கு அருமையானது, கரைந்த நிறத்துக்கு அல்ல.

மணலும் சரளையும் அடுக்கிக் காற்றுப் பட வடிக்கிற இரும்பு வடிகட்டி, இரும்பு மட்டும் உள்ள கிணற்றுக்கு மலிவும் சிறப்பும். காற்று பட்டதும் இரும்பு ஒட்சியேறித் துருவாகும், மணல் பிடிக்கும். உக்கல் இருந்தால் அது இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், ஒட்சியேறவும் விடாது, திரளவும் விடாது. மணலுக்குள்ளால் பழுப்பாகவே வெளியே வரும். போத்தல் சோதனையை முதலில் செய்யச் சொன்னது இதற்காகவும்தான்.

கரி வடிகட்டி அக்காவின் அயல் வீட்டில் இருந்தது. முதல் மூன்று கிழமை ஊற்றுத் தண்ணீர் போல வந்தது. இரண்டாவது மாத முடிவில் உள்ளே ஊற்றியதும் வெளியே வந்ததும் ஒரே நிறம். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. அந்தக் கரி சிரட்டைக் கரி. சிரட்டையில் செய்த ஏவிய காபனில் (துளைகள் உண்டாகப் பதப்படுத்திய கரியில்) பெரும்பாலும் 2 நானோமீற்றருக்கும் குறைந்த நுண்துளைகள். மணம், குளோரின், சிறிய மூலக்கூறுகள் அதற்குள் போய் ஒட்டும். ஹியூமிக் மூலக்கூறுகளில் பெரும்பகுதி வாசலிலேயே அடைத்துக்கொண்டு நிற்கும், பின்னால் வருபவற்றுக்கும் வழி விடாது. அடுப்புக் கரியைப் போட்டு வடிப்பவர்களுக்கு இன்னும் குறைவுதான் கிடைக்கும், ஏனென்றால் அது ஏவப்படாத கரி. மாற்றாமல் விட்ட பழைய கரிக்குள் பக்ரீரியா குடியிருக்கும் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். சீனக்காரத்தால் நிறத்தை இறக்கிய பிறகு கடைசிப் படியாகக் கரி வைத்தால் அது நீண்ட நாள் தாங்கும். தனியாக நம்பக் கூடாது. ஊதாக்கதிர் விளக்கு வைத்த மெசினும் இப்படித்தான். கிருமியைக் கொல்கிற 254 நானோமீற்றர் ஒளியை ஹியூமிக் பொருட்கள்தான் முதலில் உறிஞ்சிக்கொள்ளும்.

ஆர்.ஓ. நிறம், இரும்பு, உப்பு எல்லாவற்றையும் எடுக்கும். இதை மறுக்க முடியாது. உவர்த்தன்மையும் சேர்ந்த கிணற்றுக்கு, வீட்டில் வைக்கிற வேறு மெசின் வழி பெரும்பாலும் கிடையாது. ஆனால் ஹியூமிக் பொருளும் கல்சியமும் சேர்ந்து மென்சவ்வின் மேல் பிசின்மாதிரிப் படியும், இரும்பு அதன் மேல் துருவாக ஏறும். முன்வடிப்பு ஒழுங்காக இல்லாவிட்டால் மென்சவ்வு மாற்றுகிற செலவு மெசின் விலையைத் தாண்டிவிடும். வீட்டு மெசின் ஒரு லீற்றர் தர இரண்டு மூன்று லீற்றரைக் கழிவாக விடும். அந்தத் தண்ணீரும் அதே மெல்லிய வில்லையிலிருந்துதான் வருகிறது.

குழாய் நீர் வந்துவிட்ட ஊர் என்றால் இவ்வளவும் வேண்டாம், இணைப்பை எடுங்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை வவுணதீவில் சுத்திகரிக்கும்போது செய்வதும் மேலே சொன்ன ஒழுங்குதான்: திரளவைத்து, படியவைத்து, வடித்து, கடைசியில் குளோரின். நாம் ஐந்து போத்தலில் செய்வதை அங்கே அளந்து அளந்து செய்கிறார்கள்.

அக்காவின் ஒழுங்கைக்குக் குழாய் இன்னும் வரவில்லை. நான் சொன்னது மழைத் தண்ணீர். மட்டக்களப்பில் வருடத்துக்குச் சராசரி 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் விழுந்தால் ஒரு லீற்றர். அக்காவின் கூரையில் ஒரு பக்கம் 40 சதுர மீற்றர், ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும் 50,000 லீற்றர். மழைக்குக் குறைவில்லை, அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மாசிக்குள் பெய்து முடிந்துவிடுவதுதான் சிக்கல். ஐந்து பேருக்கு, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் ஆளுக்கு 5 லீற்றர், நாளுக்கு 25. ஆறு மாத வெயிலுக்கு 4,500 லீற்றர். ஒரு 5,000 லீற்றர் தாங்கி போதும். தாங்கிக்கான செலவு ஒரு தடவை, அதற்குப் பிறகு மாற்றக் கரியும் இல்லை, மென்சவ்வும் இல்லை. குடிக்கிறதைக் கொதிக்க வைக்க வேண்டும், நன்றாகத் துள்ளி ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிக்குப் போதும். பழுப்புக் கிணற்றுத் தண்ணீரையும் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நிறம் மட்டும் அப்படியே இருக்கும்.

அப்புறம், கிணறு வீணாகப் போகவில்லை. துவைக்கிற பீப்பாவுக்குச் சீனக்காரம், தோட்டத்துக்கு அப்படியே. மணலுக்குச் சத்தைப் பிடித்து வைக்கிற சக்தி இல்லை. உக்கலின் எதிரேற்றம்தான் பொட்டாசியத்தையும் கல்சியத்தையும் வேர்க்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கிறது, கிணற்றில் நமக்குத் தலையிடி தந்த அதே குணம். சிப்பி மணலில் இலை மஞ்சளாகிற செடிக்கு ஹியூமிக் பிடித்த இரும்பு கரைந்த நிலையில் போய்ச் சேரும். அதற்காக இதைப் பசளை என்று நினைத்துவிடாதீர்கள். ஆயிரம் லீற்றரில் போகிற காபன் பத்துக் கிராம்தான். கடையில் போத்தலில் விற்கிற ஹியூமிக் திரவத்தை விட, கொட்டிலுக்குப் பின்னால் உக்க வைத்த ஒரு கடகம் மாட்டெரு மணலுக்கு அதிகம் செய்யும்.

தாங்கி கட்டி முதல் மாரியில் அக்கா மறுபடி போன் எடுத்தார். மழைத் தண்ணீரும் இலேசான மஞ்சளாம். போய்ப் பார்த்தேன். பீலிக்குள் மாவிலை நிறைந்து, இரண்டு மழைக்கு ஊறிக் கிடந்தது. சதுப்பில் பல வருடமாக நடப்பது அங்கே இரண்டு கிழமையில் தொடங்கியிருந்தது. இலையை அள்ளிப் பீலியைத் தேய்த்துக் கழுவினோம். ஒவ்வொரு மழையிலும் முதல் 40 லீற்றர், அதாவது கூரையின் முதல் ஒரு மில்லிமீற்றர், வெளியே போகும்படி ஒரு முழங்கைக் குழாயும் மூடியும் பொருத்தினோம். அடுத்த மழையில் அதே வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பார்த்தோம். அடியில் கோப்பையின் பூ மட்டும் தெரிந்தது.